சட்டத்தின் சொல்லும் தர்மமும்

தர்மமற்ற சட்டத்தின் சொல்லைக் கொண்டே நியாயம் கேட்டால், அந்தச் சட்டத்துக்குப் பணிந்ததாகுமா?

அமெரிக்காவில் கறுப்பினத்தாருக்கு ரயிலில் தனிப்பெட்டி வைக்கலாம், அது சமமாக இருந்தால் குற்றமில்லை என்று 1896-ல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. சமம் வாயளவில்தான். அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார் கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன். கறுப்பின மாணவனுக்குச் சட்டக் கல்லூரி எங்கே என்று மிசௌரி மாநிலத்தைக் கேட்டார். வெளிமாநிலத்தில் படிக்கப் பணம் தருவோம் என்றார்கள். அது சமமாகாது என்று 1938-ல் அதே நீதிமன்றம் தீர்த்தது. பணிந்தவர் இப்படியா கேட்பார்? பொய் சொன்னவனை அவன் சொல்லுக்கே கட்டுப்படுத்துவதும் தர்மந்தான். ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும்; அந்தக் காலம் அவருக்கு வாய்க்கவில்லை.

1950-ல் ஹூஸ்டன் மறைந்தார். பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்ற தீர்ப்பு 1954-ல் வந்தபோது, வாதாடி வென்றவர் அவரிடம் சட்டம் படித்த தர்குட் மார்ஷல்.