ஒழுகும் இடம் தெரிந்தவன்

மேட்டூர் அணையில் மீன் பிடிப்பவர்களுக்கு இன்றும் பரிசல்தான். மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னி, அடியில் அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். பண்ணவாடித் துறையில் கவிழ்த்துப் போட்ட பரிசலை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை, எத்தனை ஒட்டு இருந்தாலும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கடல் கிடையாது. ஆனால் நாமக்கல் பட்டறையில் வெறும் சேசிஸாக வரும் லாரிக்குப் பாடி கட்டி, அதிலேயே அசாம் வரை போய் வருகிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி கிளம்பினால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். சுஹைலி என்ற படகின் கதை இவர்களுக்குப் புரியும்.

சுஹைலி, பம்பாயில் நம் தச்சர்கள் தேக்கில் கட்டிய 32 அடிப் பாய்மரப் படகு. கட்டச் சொன்னவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி. 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத்திலிருந்து தனியாகக் கிளம்பியவர், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே வந்து சேர்ந்தார். மொத்தம் 312 நாள். அப்படித் தனியாக, நிற்காமல் சுற்றிய முதல் மனிதர் அவர்தான்.

படகு உறுதியாக இருந்ததால் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அட்லாண்டிக்கிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது. அடிமரத்தை ஒட்டிய பலகை இடுக்கில். கடலில் குதித்து, மூச்சடக்கி மூழ்கி, பஞ்சை அடைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. கித்தான் பட்டையில் தார் பூசி ஆணியடித்து, அதன்மேல் செப்புத் தகடு பொருத்தினார். நடுவில் ஒரு சுறா வேறு. பம்பாயிலிருந்து அதே படகில்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருந்தார். அதன் குணம் அவருக்கு அத்துப்படி.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் போனது, தனியாக நிற்காமல் உலகைச் சுற்றும் ஒரு போட்டிக்காக. அதே போட்டியில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் இருந்தார். வீட்டையும் தொழிலையும் அடகு வைத்து, அவசரமாகக் கட்டி முடித்த படகு. அதுவும் ஒழுகியது, அது அவருக்கும் தெரியும். திரும்பினால் கடனில் மூழ்க வேண்டும், தொடர்ந்தால் கடலில். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாக ரேடியோவில் பொய் சொன்னார். 1969 ஜூலை 10 அன்று அவர் படகை ஆளில்லாமல் கண்டெடுத்தார்கள்.

ஒழுக்கு இருவருக்கும் பொது. ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி அந்த இடத்தில் கை வைத்தார். இன்னொருவரால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட முடியவில்லை. அவர் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். பைனான்ஸில் லாரி எடுத்து, நாலு தவணை நின்றுபோய், அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வெள்ளைச் சட்டையோடு கல்யாணங்களுக்குப் போய் வருபவர்களை நாமக்கல்லிலும் பார்க்கலாம். ஒழுக்கை அடைக்கச் சாமான் கிடைத்துவிடும். ஒழுகுகிறது என்று சொல்லும் துணிவுதான் எளிதில் வருவதில்லை. கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள் என்றால் இன்னும் கஷ்டம்.

ஒன்பது பேர் கிளம்பிய அந்தப் போட்டியை நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான் முடித்தார். பரிசாகக் கிடைத்த 5,000 பவுண்டை குரோஹர்ஸ்ட்டின் மனைவி மக்களுக்குக் கொடுத்துவிட்டார்.