மன்னிக்க யாருக்கு உரிமை?

"சரி விடு தம்பி, அவனும் பொழைக்கணும்ல." செகிஞ்சான் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் செய்த தப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அதில் ஓர் அறிவு இருக்கிறது. லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறவர்கள் எல்லாத் தப்புக்கும் கணக்குப் பார்த்தால் குடித்தனம் நடக்காது. ஆனால் இதே வார்த்தையை ஒரு மாநில அரசாங்கம் சொல்லலாமா?

2020 செப்டம்பர் 3. ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங்கில் கலந்த தொழிற்சாலைக் கழிவு சுங்கை சிலாங்கூரை எட்டியது. நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். 1,292 பகுதிகளில் குழாய் காய்ந்தது. கோவிட் காலம் வேறு. கையை அடிக்கடி கழுவுங்கள் என்றார்கள், கழுவத் தண்ணீர் இல்லை. அந்தத் தொழிற்சாலை அதே ஆண்டில் ஏற்கெனவே அபராதம் கட்டியது என்று செய்தி வந்தபோது மக்களின் எரிச்சல் கோபமாக மாறியது. அடுத்த மாதமே அதே ஆற்றில் மறுபடியும் மாசு.

எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் பெர்ணம் ஆற்றுடையது. அதனால் இது ரவாங்காரன் பிரச்சினை என்று இருந்துவிட முடியாது. சுங்கை சிலாங்கூர் கடலில் சேருவது எங்கள் கோல சிலாங்கூரில். கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழ்வதும் அந்த ஆற்றங்கரை மரங்களில்தான். மேலே கொட்டினால் கீழே வந்தே தீரும்.

பொறியியல் படித்தவன் இதை ஒரு கணக்காகப் பார்ப்பான். கழிவைச் சுத்தம் செய்ய ஒரு செலவு. மாட்டினால் கட்ட ஒரு தொகை. இரண்டாவது சின்னது, மாட்டுவதும் அரிது என்றால் கணக்கு எந்தப் பக்கம் சாயும்? அப்போது சிலாங்கூர் நீர்ச் சட்டத்தில் அபராதத்தின் உச்சம் ஒரு லட்சம் ரிங்கிட். இஸ்ரேலின் ஹைஃபா நகரில், குழந்தையைத் தாமதமாக அழைக்க வரும் பெற்றோருக்குக் காப்பகங்கள் சிறு அபராதம் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2000இல் வெளிவந்தது. தாமதம் குறையவில்லை, கூடியது. ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், அதான் காசு கட்டுகிறோமே என்றாகிவிட்டது. சின்ன அபராதம் தப்பைத் தடுப்பதில்லை, அதற்கு விலைச்சீட்டு ஒட்டுகிறது.

அப்படியானால் அரசு இரக்கமே காட்டக் கூடாதா? வள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் வைத்தார். அரசியலிலும் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் உண்டு, அரசனுக்கும் இரக்கம் வேண்டும் என்கிறார். ஆனால் கடமை கெடாமல் என்று ஒரு நிபந்தனையும் போடுகிறார். எனக்கு அந்த நிபந்தனைதான் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் மன்னித்தால் நட்டம் அவருடையது. அரசாங்கம் மன்னித்தால் நட்டம் தண்ணீர் லோரிக்குப் பின்னால் வாளியோடு நிற்கும் அம்மாவுடையது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. இழந்தவர் கையில் இருக்க வேண்டிய மன்னிப்பை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால் அதற்கு இரக்கம் என்று பெயர் இல்லை.

இந்த இரக்கம் எல்லார்மீதும் ஒரே மாதிரி பொழிவதும் இல்லை. லைசென்ஸ் இல்லாத அங்காடிக் கடைக்காரரின் தள்ளுவண்டியைத் தூக்கிப்போக அமலாக்க அதிகாரிகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, யாரைக் கேட்பது? ஆறு மாநிலத்துடையது. சுற்றுச்சூழல் துறை கூட்டரசுடையது. கடைக்கும் ஆலைக்கும் லைசென்ஸ் நகராண்மைக் கழகம் தருகிறது. அந்தக் கழக உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்று அவர்களை நியமிப்பது மாநில அரசு. கோபம் மூன்று வாசலுக்கும் அலைந்துவிட்டு வீட்டுக்கே திரும்பி வருகிறது.

2020 இறுதியில் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அபராதம் இரண்டு லட்சம் முதல் பத்து லட்சம் ரிங்கிட் வரை, கூடவே சிறை. நல்லதுதான். ஆனாலும் பெரிய தண்டனையை எழுதி வைப்பது எளிது, அதைப் போடாமல் விடுவதும் எளிது.

நான் கேட்பது கொடுமையை அல்ல. எங்கள் தொழிலிலும் விதியைத் தளர்த்துவோம். தளர்த்தும்போது யார், ஏன், எந்தத் தேதி வரைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஏதாவது உடைந்தால் அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் முதலில் போவார்கள். ஒரு தொழிற்சாலையை விட்டுவிடுகிற அதிகாரியும் அமைச்சரும் அந்த ஒரு கையெழுத்தைப் பொதுவில் போடட்டும்.