இமைப்பொழுதில் முடியும் போர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே செல்லும் சாலை போனக்காட்டில் வந்து முடிகிறது. ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய தேயிலைத் தோட்டம் ஒன்று அங்கே நலிந்து கிடக்கிறது. ஓய்ந்துபோன ஆலையும், லயங்கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளும் அதன் பழைய நாட்களுக்குச் சாட்சியாக நிற்கின்றன. பாழடைந்த பங்களா ஒன்றைப் பற்றிய பேய்க்கதைகளைக் கேட்டு வரும் இளைஞர் கூட்டமும் இப்போது உண்டு. பக்தர்கள் போனக்காட்டை நாடி வருவது வேறு காரணத்துக்காக. 1868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடத்துக்கு ஏறும் காட்டுவழி இங்குதான் தொடங்குகிறது. ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும், வனத்துறையின் அனுமதி பெற்று, அதிருமலையில் இரவு தங்கி, சிகரத்தில் உள்ள அகத்திய முனிவரின் திருவுருவை அவர்கள் வணங்கித் திரும்புகின்றனர்.

அகத்தியர் என்றதும் தமிழ் இலக்கணம் நினைவுக்கு வரும்; சித்த மருத்துவம் நினைவுக்கு வரும்; தாழ்ந்த வடதிசையைச் சமன் செய்யத் தென்திசை வந்த கதையும் நினைவுக்கு வரும். அவர் தனுர்வேத ஆசாரியர் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் துரோணர் தம் குருபரம்பரையை அர்ஜுனனுக்குச் சொல்கிறார். அகத்தியரிடம் வில்வித்தை பயின்றவர் அக்னிவேசர். அக்னிவேசரின் சீடர் துரோணர். பூமியையே எரிக்கவல்ல பிரம்மசிரஸ் என்னும் அஸ்திரத்தைத் துரோணர் தம் குருவிடமிருந்து பெற்றார். கொடுத்தபோதே குரு ஒரு நிபந்தனையும் விதித்தார்: மனிதர்மீது, அதிலும் வலிமை குன்றியவர்மீது, இதை விடலாகாது. அந்த நிபந்தனையோடுதான் அஸ்திரம் அர்ஜுனன் கைக்கு வந்தது.

பிரம்மாஸ்திரத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 'அணுகுண்டு நம்மிடம் அன்றே இருந்தது' என்று பெருமைப்படுவோர் உள்ளனர். அது வீண் பெருமை. இதிகாசம் ஆயுதத்தின் தொழில்நுட்பத்தைச் சொல்ல வந்த நூல் அன்று. யாருக்கு அதைக் கொடுக்கலாம், யார்மீது விடக்கூடாது, விட்டதைத் திரும்பப் பெறும் தகுதி யாருக்கு உண்டு என்ற கேள்விகளையே அது திரும்பத் திரும்ப எழுப்புகிறது. அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு ஆயுதத்தை மட்டும் எடுத்துக்கொள்பவன் அசுவத்தாமனின் வாரிசாகிறான்.

இந்தக் கேள்விகள் 1945 ஆகஸ்டில் உலகத்தின்முன் வந்து நின்றன. 6-ஆம் தேதி ஹிரோஷிமாவிலும் 9-ஆம் தேதி நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் மாண்டனர் என்பது மதிப்பீடு. 15-ஆம் தேதி ஜப்பானியச் சக்கரவர்த்தி சரணடைவதை வானொலியில் அறிவித்தார். போர் முடிந்தது. போரை முடித்ததால் அந்தச் செயல் சரியாகிவிடுமா?

இதற்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிடுவது எளிது. அதற்குமுன் எதிர்த்தரப்பின் கனத்தை உணர வேண்டும். தமிழர்கள் அதை உணரத் தனிக் காரணமும் உண்டு. திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களுக்கு வேலை தேடிச் சென்றவர்களைப் போன்ற ஏழைத் தமிழ்க் குடும்பங்களே மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கப்பலேறின. ஜப்பானியர் மலேயாவைக் கைப்பற்றிய பின், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக அந்தத் தோட்டத் தமிழர்களில் பல்லாயிரவர் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942 முதல் 1943 அக்டோபர் வரை நடந்த அந்தப் பணியில் காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. போர்க்கைதிகளின் சாவுக்குக் கணக்கும் கல்லறையும் உண்டு. தமிழ்க் கூலிகளுக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. எஞ்சியவர்களுக்கு விடுதலை 1945 ஆகஸ்டில்தான் வந்தது. கணவனையும் மகனையும் அந்தப் பாதையில் இழந்த ஒரு தாயிடம் சென்று, 'போர் இன்னும் ஆறு மாதம் நீடித்திருக்கலாம், குண்டு வீசியது தவறு' என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

அமெரிக்கப் போர்த்துறைச் செயலராக இருந்த ஸ்டிம்சன் 1947-இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்ததும் இத்தகைய கணக்கே. ஜப்பானியத் தீவுகளின்மீது படையெடுத்தால் அமெரிக்கப் படைக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சேதம் நேரலாம் என்று தமக்குக் கூறப்பட்டதாக அவர் எழுதினார். பலரைக் காக்கச் சிலரை இழக்கலாம் என்பது அதன் சாரம்.

கணக்கில் முதலில் ஒரு வரலாற்றுக் குறை உண்டு. படையெடுப்பு, அணுகுண்டு என்ற இரண்டே வழிகள்தாம் இருந்தனவா? 1945 ஜூலை 26-ஆம் தேதி வெளியான பாட்ஸ்டம் பிரகடனம் சக்கரவர்த்தியின் நிலையைப் பற்றி எதுவும் கூறவில்லை. அரியணை நிலைக்குமா என்பதே ஜப்பானியத் தலைவர்களின் பெரிய தயக்கங்களுள் ஒன்றாக இருந்தது. இறுதியில் சக்கரவர்த்தி அரியணையில் நீடிக்கவும் விடப்பட்டார். குண்டுகளுக்குப் பின் கொடுத்ததை முன்பே கொடுப்பதாகச் சொல்லிப் பார்க்கவில்லை. ரஷ்யா போரில் இறங்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. குண்டு இல்லாமலே 1945 முடிவதற்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்று அமெரிக்க அரசின் ஆய்வுக்குழுவே 1946-இல் முடிவு கூறியது. அந்த முடிவை மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். எனினும், 'வேறு வழியில்லை' என்று சொல்பவன் மற்ற வழிகளின் கதவையாவது தட்டிப் பார்த்திருக்க வேண்டும். சிலார்டும் அவருடன் கையொப்பமிட்ட விஞ்ஞானிகளும் ஜூலையில் எழுதிய விண்ணப்பம் அதிபர் டிரூமனின் பார்வைக்குச் செல்லவே இல்லை.

நாகசாகியின் கதை இன்னும் கடினமானது. முதல் குண்டு விழுந்து மூன்றே நாட்கள். என்ன நடந்தது என்பதை ஜப்பானிய அரசு முழுமையாக அறிந்துகொள்ளவும் அந்த அவகாசம் போதவில்லை. வானிலை கெடப்போகிறது என்பதற்காகக் குறித்த நாள் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. விமானம் முதலில் சென்றது கோகுரா நகரத்துக்கு. அங்கே இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் அது நாகசாகிக்குத் திரும்பியது. ஒரு நகரம் பிழைத்ததும் மற்றொரு நகரம் எரிந்ததும் அன்றைய மூட்டத்தைப் பொறுத்து அமைந்தன. இதில் நீதியின் நிழலையாவது எங்கே தேடுவது?

வரலாற்றுக் குறையை ஒருபுறம் வைத்துவிடலாம். குண்டு உண்மையிலேயே போரைச் சுருக்கியது என்றே கொள்வோம். அப்போதும் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. மகாபாரதம் இந்தக் கேள்வியை அப்படியே எடுத்துப் பேசியிருப்பது வியப்புக்குரியது. உத்யோக பர்வத்தின் இறுதி, போர் தொடங்கவிருக்கிறது. எதிரிப் படையை அழிக்க எவ்வளவு காலம் வேண்டும் என்று கௌரவர் பாசறையில் துரியோதனன் கேட்கிறான். பீஷ்மர் ஒரு மாதம் என்கிறார், துரோணரும் அவ்வாறே. கிருபர் இரண்டு மாதம், அசுவத்தாமன் பத்து இரவுகள், கர்ணன் ஐந்து நாட்கள். செய்தி அறிந்த யுதிஷ்டிரர் அதே கேள்வியை அர்ஜுனனிடம் கேட்கிறார். சிவபெருமான் அருளிய அஸ்திரத்தால் இமைப்பொழுதில் முடித்துவிட முடியும் என்று அர்ஜுனன் கூறுகிறான். கூறிவிட்டு, சாதாரண மனிதரைத் தெய்விக அஸ்திரங்களால் கொல்வது முறையாகாது, நேர்மையான போரிலேயே வெல்வோம் என்று முடிக்கிறான்.

இந்த மறுப்புக்கு அவன் கொடுத்த விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இமைப்பொழுதில் முடிந்திருக்கக்கூடிய போர் பதினெட்டு நாட்கள் நடந்தது. பதினெட்டு அக்ஷௌஹிணிச் சேனைகள் அழிந்தன. பதின்மூன்றாம் நாள் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் சிக்கி மாண்டான். ஸ்டிம்சனின் கணக்கை அர்ஜுனன் முன் வைத்திருந்தால், 'உன் தயக்கத்தால்தான் உன் மகன் செத்தான்' என்று அது சொல்லியிருக்கும். மகன் மாண்ட செய்தியை அறிந்த இரவில் அவன் ஜயத்ரதனைக் கொல்லச் சபதம் செய்தான். மறுநாள் காண்டீபத்தோடு போய்ப் போரிட்டே அதை நிறைவேற்றினான். கௌரவ சேனை முழுவதையும் இமைப்பொழுதில் எரித்துவிடவில்லை.

ஏன் என்பதற்கு ராமாயணம் விடை தருகிறது. மறைந்து நின்று போரிடும் இந்திரஜித்தின்மீது கொண்ட சினத்தால், அரக்கர் அனைவரையும் அழிக்கப் பிரம்மாஸ்திரத்தைத் தொடுக்கப்போவதாக லட்சுமணன் சொல்கிறான். ஒருவன் பொருட்டு உலகிலுள்ள அரக்கர் எல்லோரையும் கொல்வது தகாது என்று ஸ்ரீராமர் தடுக்கிறார். போரிடாதவன், ஒளிந்திருப்பவன், கைகூப்பிச் சரணடைந்தவன், ஓடுபவன், தன்னிலை மறந்தவன் ஆகியோரைக் கொல்லலாகாது என்பது அவர் காட்டும் காரணம். கவனிக்க வேண்டியது இதுதான்: எத்தனை பேர் சாவார்கள் என்று ஸ்ரீராமர் எண்ணவில்லை, யார் சாவார்கள் என்று கேட்கிறார். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் வரும் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியும் அதையே கேட்டான். அம்பு எய்வதற்கு முன், பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் நோயாளிகளும் மகப்பேறு இல்லாதவரும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவிக்கும் அறநெறியாளன் என்று புலவர் நெட்டிமையார் அவனைப் போற்றுகிறார். ஹிரோஷிமாவின் மக்களுக்கு அணுகுண்டைப் பற்றி எந்த முன்னறிவிப்பும் தரப்படவில்லை. அறிவித்தால் அதிர்ச்சி குறைந்துவிடும் என்று கருதினார்கள். அதிர்ச்சிதான் நோக்கம் என்றால், சாகும் குழந்தைகள் தவறிப்போய்ச் சாகவில்லை. அவர்களுடைய சாவே கருவியாக்கப்பட்டது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கம், 1956-இல் டிரூமனுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியபோது எதிர்ப்புத் தெரிவித்ததற்கு அடிப்படை இதுவே. குற்றமற்றவர்களைக் கொல்வதையே வழியாகத் தேர்ந்துகொள்வது கொலை என்றார் அவர்.

மலேயாவின் அந்தத் தாய்க்கு என்ன சொல்வது? அவளது விடுதலை உண்மையானது. அவளது நிம்மதியில் பாவம் ஏதும் இல்லை. ஆயினும் ஒரு செயலால் நன்மை அடைந்ததும், அந்தச் செயல் நியாயம் என்பதும் ஒன்றல்ல. அவள் வீட்டாரைக் காட்டுக்கு இழுத்துச் சென்ற அதிகாரிக்கும் ஒரு 'தேவை' இருந்தது. அவனும் கூலிகளின் உயிரைப் பாதையின் விலையாகவே கணக்கிட்டான். ஹிரோஷிமாவின் பள்ளிப் பிள்ளைகளைப் போரின் விலையாகக் கணக்கிட்டவர்களின் கையிலும் அதே தராசுதான் இருந்தது. அந்தத் தராசை ஏற்றுக்கொண்டால், அவள் கணவனுக்காக நீதி கேட்க இடமில்லாமல் போய்விடும்.

முதல் அணுகுண்டுச் சோதனையின்போது கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் வரும் காலரூப வசனம் தம் நினைவுக்கு வந்ததாக ஓப்பன்ஹைமர் பின்னாளில் கூறியது பெரிதும் பேசப்படுகிறது. 'நீ வெறும் கருவியாக இரு' என்ற உபதேசத்தையும் அதனுடன் சேர்த்து, கீதை இத்தகைய அழிவுக்கு அனுமதி தருகிறது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த உபதேசம், களத்தில் ஆயுதத்தோடு எதிரே நிற்கும் வீரருடன் போரிடத் தயங்கியவனுக்குக் கூறப்பட்டது. அதைக் கேட்டவன், இமைப்பொழுது அஸ்திரத்தை மறுத்த அதே அர்ஜுனன்.

டோக்கியோ விசாரணை மன்றத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்த நீதிபதி ராதாபினோத் பால், 1948-இல் அளித்த மாறுபட்ட தீர்ப்பில் அணுகுண்டு முடிவைப் பற்றிக் கடுமையாக எழுதினார். மகாத்மா காந்தி 1946-இல் 'ஹரிஜன்' இதழில் எழுதுகையில் தோற்ற நாட்டைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. அழித்த நாட்டின் ஆன்மாவுக்கு என்ன நேர்ந்தது என்பது இன்னும் தெரியவில்லை என்றார்.

இவற்றையெல்லாம் அந்நிய நாட்டைப் பற்றிய விமர்சனமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிட இந்தியருக்கு இயலாது. 1998-இல் பொக்ரானில் சோதனைகள் நடத்திய நமது நாடு, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்ற கொள்கையை 2003 ஜனவரியில் அறிவித்தது. அது மதிக்கத்தக்க கட்டுப்பாடு. அதே அறிவிப்பு, நம்மீது அணு ஆயுதம் ஏவப்பட்டால் பதிலடி மிகப் பெரிதாக, எதிரியால் தாங்க முடியாததாக இருக்கும் என்றும் கூறுகிறது. அந்தப் பதிலடி விழும் இடத்தில் இருப்பவர்கள் யார்?

சௌப்திக பர்வத்தில் முதலில் எய்தவன் அர்ஜுனன் அல்லன். பாண்டவர் குலமே அழியட்டும் என்று அசுவத்தாமன் பிரம்மசிரஸை ஏவிய பின்னரே, அஸ்திரம் அஸ்திரத்தால் தணியட்டும் என்று கூறி, எதிரிக்கும் நலம் வேண்டி, அர்ஜுனன் தன்னுடையதை விட்டான். இரண்டு நெருப்புகளுக்கும் நடுவே வியாசரும் நாரதரும் வந்து நின்றனர். இந்த அஸ்திரத்தை வேறோர் அஸ்திரத்தால் எதிர்க்கும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொழியாது என்று வியாசர் கூறினார். அர்ஜுனன் தனது அஸ்திரத்தைத் திரும்பப் பெற்றான். 'நான் மீட்டுக்கொண்டால் அவனுடையது எங்களை எரித்துவிடும். எங்களுக்கும் உலகுக்கும் நன்மையானதை நீங்களே நினைத்தருள வேண்டும்' என்று முனிவர்களிடம் முறையிட்டுக்கொண்டே திரும்பப் பெற்றான். அசுவத்தாமனுக்கு மீட்கத் தெரியவில்லை. அவன் அதைப் பாண்டவர் குலப் பெண்களின் கருப்பைகளை நோக்கித் திருப்பினான். உத்தரையின் வயிற்றில் இருந்த, யாருடைய போரையும் அறியாத, பரீக்ஷித்தின்மீது அது விழுந்தது.