ஐயமும் அறமும்: இணைய வாழ்வில் நம்பிக்கை பற்றிய ஒரு நோக்கு

வீட்டுக் கதவைப் பூட்டிச் செல்பவனை அறவோன் என்று எவரும் போற்றுவதில்லை. பூட்ட மறந்தவனைத் தீயோன் என்று தூற்றுவதுமில்லை. முன்னெச்சரிக்கை என்பது தன்னலம் சார்ந்த விவேகமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. களவு போயின் இழப்பு வீட்டுக்காரனுடையது, பழி கள்வனுடையது. இணையத்தைப் பயன்படுத்துவோருக்கு வழங்கப்படும் அறிவுரைகளும் இந்நோக்கிலேயே அமைந்துள்ளன. கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லலாகாது, அறியாதார் அனுப்பும் இணைப்பைத் திறக்கலாகாது, வங்கி அனுப்பும் ஓ.ரி.பி. இலக்கத்தைத் தொலைபேசியிற் கேட்பவர் எவராயினும் கொடுத்தலாகாது என்பன போன்ற விதிகள், தத்தம் பணத்தையும் மானத்தையும் காத்துக்கொள்வதற்கான உபாயங்களாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. ஆயின், இவை வெறும் உபாயங்கள்தாமா? அன்றி, ஒருவர் பிறருக்குச் செய்யக் கடமைப்பட்டவையா? இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே, ஏமாற்றப்பட்டவரை எவ்வாறு நோக்குவது, ஏமாற்றைத் தடுக்கும் பொறுப்பை யார்மேற் சுமத்துவது என்னும் வினாக்களுக்கான விடைகளும் அமையும்.

இணையம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே இவ்வினாவின் அடிப்படையை ஆராய்ந்தவர் ஆங்கிலக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் கிளிபேர்ட் ஆவார். நம்பிக்கையின் அறவியல் பற்றி 1877இல் வெளிவந்த தமது கட்டுரையில் அவர் ஒரு கப்பல் உரிமையாளனை எடுத்துக்காட்டுகின்றார். அவனது கப்பல் பழையது, பழுதுபார்க்கப்பட வேண்டியது. அவ்வையம் அவன் உள்ளத்திலும் எழுகின்றது. ஆயினும், செலவை எண்ணி ஐயத்தை அடக்கி, கப்பல் பத்திரமாகச் சென்று சேரும் எனத் தன்னைத்தானே நம்பவைத்து, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகின்றான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. அவன் மனமார நம்பினான் என்பது உண்மையே; எனினும், தக்க சான்றின்றி நம்ப அவனுக்கு உரிமை இருக்கவில்லை என்பது கிளிபேர்ட்டின் தீர்ப்பு. கப்பல் தப்பியிருப்பினும் அவன் குற்றவாளியே. எந்த மனிதனின் நம்பிக்கையும் அவனுக்கு மட்டுமே உரிய தனிப்பட்ட விடயமன்று என்பதே அவரது வாதத்தின் உயிர்நாடி.

கிளிபேர்ட்டின் காலத்தில் இக்கூற்று சற்று மிகைப்பட்டதாகத் தோன்றியிருக்கலாம். வலையமைப்பினால் இணைக்கப்பட்ட இன்றைய உலகிலோ அது நேர்பொருளிலேயே உண்மையாகின்றது. 2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றிக் கொடுக்கும் டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின்மீது நிகழ்த்தப்பட்ட தாக்குதலினால், ருவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலான பல தளங்கள் பலருக்குக் கிட்டாது போயின. தாக்குதலுக்குப் பயன்பட்டவற்றுள் பெரும்பாலானவை பேராற்றல் வாய்ந்த கணினிகளல்ல. சாதாரண வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்பட்டிருந்த கண்காணிப்புக் கமராக்களும் இணைய வழிப்படுத்திகளுமே. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாதிருந்தமையால், மிராய் என்னும் தீநிரல் அவற்றுட் புகுந்து தன் படையாக்கிக் கொண்டது. அக்கமராக்களின் உரிமையாளர் பலர் எதனையும் இழக்கவில்லை. தம் வீட்டுப் பொருள் பிறர்மீது ஏவப்பட்டதை அறியவுமில்லை. பூட்டாத கதவின் உவமை இங்கு பொருந்தாது போகின்றது. இது, தன் வளவிலுள்ள கிணற்றை மூடாது விட்டு, அதில் அயலவன் குழந்தை விழ இடமளிப்பதற்கு ஒப்பானது.

தொழிலகத்திலும் நிலைமை வேறானதன்று. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால், நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி ஒதுக்கு வங்கிக்கு 35 போலிக் கட்டளைகள் அனுப்பப்பட்டன. கோரப்பட்ட தொகை 950 மில்லியன் அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்சைச் சென்றடைந்தது. அதிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்தது. அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, இதற்கான வழி ஓராண்டுக்கு முன்னரே திறக்கப்பட்டிருந்தது. வேலை தேடும் ஒருவர் தம் தகைமைகளை இணைத்துப் பணிவுடன் எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் வங்கி ஊழியர்களுக்கு வந்தன. அவற்றிலிருந்த இணைப்பைச் சிலர் திறந்தனர். அச்செயலிற் பேராசையோ தீநோக்கோ இருக்கவில்லை. விண்ணப்பித்தவரை மதிக்கும் நல்லியல்பே அங்கு வாயிலாயிற்று. மறுபுறம், 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அவ்வமைப்பின் பெயரிற் காணப்பட்ட எழுத்துப்பிழையைக் கவனித்து, இடைநிலை வங்கியொன்று விளக்கம் கேட்டமையால் அத்தொகை தடுக்கப்பட்டது. நம்பியமையால் ஒரு கதவு திறந்தது. வினாவியமையால் ஒரு கதவு மூடியது. இரண்டிலும் பயன் பெரிதும் சார்ந்தது பிறரையே.

எனவே முன்னெச்சரிக்கை தன்னலம் மட்டுமன்று, பிறர்க்குரிய கடமையுமாம் என்ற முடிவு பெறப்படுகின்றது. ஆயின் இம்முடிவுக்கு வலுவான ஒரு தடை உண்டு. கிளிபேர்ட்டுக்கு மறுப்பாக 1896இல் வில்லியம் ஜேம்ஸ் எழுதியது ஈண்டு நினைக்கத்தக்கது. சில கொள்ளையர் ஒரு புகையிரதம் நிறைந்த பயணிகளை அடக்கிவிட முடிவதேன்? தான் எழுந்தால் மற்றவர்களும் எழுவர் என்ற நம்பிக்கை பயணிகளிடம் இன்மையாலேயே என்றார் அவர். சான்று கிடைக்குமுன்னரே கொள்ளப்படும் நம்பிக்கை சில வேளைகளில் அந்நம்பிக்கைக்குரிய நிலையையே உருவாக்குகின்றது. ஒவ்வொரு கடிதத்தையும் சூழ்ச்சியெனவும், ஒவ்வோர் அழைப்பையும் வஞ்சகமெனவும் கருதுமிடத்துக் குடும்பமும் இல்லை, காரியாலயமும் இல்லை. ஐயம் அறமாகுமெனின், நட்பும் அன்பும் எங்ஙனம் நிலைபெறும்?

இவ்விடர்ப்பாட்டினை நீக்குவதற்கு, ஆளை ஐயுறுதலுக்கும் செய்தியை ஐயுறுதலுக்கும் இடையிலான வேறுபாடு உதவும். வெளிநாட்டில் வாழும் மகனின் பெயரால் யாழ்ப்பாணத்திலுள்ள தாய்க்கு ஒரு குறுஞ்செய்தி வருகின்றது எனக் கொள்வோம். பழைய தொலைபேசி பழுதடைந்துவிட்டது, இது புதிய இலக்கம், அவசரமாகக் காசு தேவை என்கின்றது அச்செய்தி. மகனின் பழைய இலக்கத்துக்கு அழைத்து அவன் குரலைக் கேட்கும் தாய், மகனை நம்பாதவள் அல்லள். மகன்மீதுள்ள நம்பிக்கையைப் பிறர் களவாடாவண்ணம் காப்பவள் அவளே. திருக்குறளின் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரம், ஆராயாது நம்புதலையும், ஆராய்ந்து நம்பியவரிடத்து மீண்டும் ஐயங்கொள்ளுதலையும் ஒருங்கே கடிந்துரைப்பது இங்கு கருதத்தக்கது. நம்பிக்கையைக் கூட்டுவதோ குறைப்பதோ அன்று, நம்பத்தக்க இடத்தில் அதனை வைப்பதே வேண்டற்பாலது என 2002ஆம் ஆண்டு றீத் விரிவுரைகளில் ஒனோரா ஓநீல் நிறுவியதும் இதனோடு ஒத்ததே.

இவ்வேறுபாடு காரியாலயங்களிற் சிறப்பாக உணரப்பட வேண்டும். பணிப்பாளரின் பெயரால் வரும் போலி மின்னஞ்சல், அவசரம், இரகசியம், அதிகாரம் என்னும் மூன்றையும் கருவியாகக் கொள்கின்றது. "உடனே பணத்தை அனுப்புக, எவருக்கும் கூறற்க" என்ற கட்டளையைக் காணும் இளம் எழுதுவினைஞர், "ஐயா, இதனை அனுப்பியவர் நீங்கள்தாமா?" என்று கேட்கத் துணிவதில்லை. கேட்டல் அவமதிப்பாகக் கருதப்படும் என்ற அச்சமே அவரைத் தடுக்கின்றது. அவ்வச்சத்தை வளர்த்த மேலதிகாரி, அறியாமலே வஞ்சகனுக்குத் துணைபோகின்றார். வினாவுதலை மரியாதைக் குறைவாகக் கொள்ளும் நிறுவனத்தில் எந்தத் தொழில்நுட்பக் காவலும் முழுப்பயன் தராது.

இனி, கடமை உண்டு என்பதனால் அது எல்லோர்க்கும் சமமானது என்று கொள்ளலாகாது. அறியும் வாய்ப்பும் தடுக்கும் ஆற்றலும் எவரிடம் மிகுதியோ, அவரிடமே கடமையும் மிகுதியாகும். கப்பலின் பழுதைப் பயணி அறியான், உரிமையாளனே அறிவான். நெடுங்காலமாகக் கணினித்துறை தன் சுமையைப் பயணியின் தலையில் ஏற்றிவந்தது. குறித்த கால இடைவெளிகளிற் கடவுச்சொல்லை மாற்றுமாறு ஊழியர்களை வற்புறுத்தியமை இதற்கொரு சான்று. மனிதர் இயல்பாகவே எளிதில் ஊகிக்கத்தக்க சிறு மாற்றங்களையே செய்தமையால், இவ்வற்புறுத்தல் வேண்டாம் என அமெரிக்கத் தேசியத் தராதர, தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் அறிவுறுத்தியது. எல்லாப் பொருட்களுக்கும் பொதுவான கடவுச்சொல்லை இட்டு விற்பதைத் தடைசெய்யும் விதி பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. மிராய் புகுந்த கதவைத் திறந்து வைத்தவர்களுள் முதல்வர் அப்பொருள்களைச் செய்தவர் என்பதனைச் சட்டம் காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டது.

இறுதியாக, ஏமாற்றப்பட்டவரை நோக்கும் முறை. இலங்கையில் கணினிக் குற்றச் சட்டம் 2007இல் நிறைவேற்றப்பட்டது. இத்தகைய சம்பவங்களைக் கையாளும் கணினி அவசரத் தயார்நிலை அணி 2006 முதல் இயங்குகின்றது. எனினும், முறைப்பாடு செய்ய ஒருவர் முன்வராதவிடத்துச் சட்டமும் அமைப்பும் கைகட்டி நிற்க நேரிடும். முன்வராமைக்கு வெட்கமே பெருங்காரணம். "படித்தவர், இதைக்கூட அறியாரா?" என்ற ஏளனத்துக்கு அஞ்சி, விரிவுரையாளர் மறைக்கின்றார், தந்தை வீட்டாருக்கும் கூறாதிருக்கின்றார், மிரட்டப்படும் மாணவி தனிமையில் மேலும் பணம் கட்டுகின்றாள். மறைக்கப்பட்ட ஒவ்வொரு வஞ்சனையும் அடுத்தவருக்கு விரிக்கப்பட்ட வலையாகின்றது. ஐயுறுதல் பிறர்க்குரிய கடமையெனின், ஏமாந்ததை வெளிப்படையாகக் கூறுதல் அதனினும் உயர்ந்த கடமையாகும். அவ்வாறு கூறுபவரை இகழாது கேட்டல் சமூகத்தின் கடமையாகும்.

ஏமாற்றுபவனது குற்றம் ஏமாந்தவரின் கவனக்குறைவினால் எள்ளளவும் குறைவதில்லை. ஆயினும் குற்றம் அவனுடையது என்பதனால் ஏனையோர் கடமை அற்றுப்போவதுமில்லை. கடவுச்சொல் ஒன்றை மாற்றுவதும், பணம் அனுப்புமுன் ஒருமுறை அழைத்துக் கேட்பதும் மிகச் சிறிய செயல்கள். ஒருவர்மீது ஒருவர் வைத்துள்ள நம்பிக்கை என்னும் பொதுச்செல்வம் இச்சிறு செயல்களாலேயே காக்கப்படுகின்றது. அச்செல்வத்தைக் காக்கும் ஐயமே அறத்தின்பாற்படும்.