பழைய வண்டியும் பழைய நினைவும்

நினைவு பொருளின்கண் உளதோ, உயிரின்கண் உளதோ என்பது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. ஒரு வீட்டினர்க்கு அஃது அறவினாவாகவும் வந்து நின்றது.

பாளையங்கோட்டையில் எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவரொருவர் மனைவாயிலில், விலைக்கென்று அட்டை கட்டிய பழைய அம்பாசிடர் வண்டியொன்று நின்றது. "ஐயா, தந்தையார் ஐம்பதாண்டு வைத்தாண்ட வண்டி, இதனை விற்றல் செய்ந்நன்றி கோறலாகுமோ?" என்று அவர் வினவினார்.

அவ்வகை வண்டி, ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டின் அமைப்பைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை செய்யப்பட்டது. பழைய வண்டிகளில் முன்னிருக்கை பிளவின்றி நீண்டிருக்கும்; கியர்க்கோலும் ஸ்டியரிங் தண்டின் பக்கலிலேயே அமைந்திருக்கும். ஆகலின் ஓட்டுவார்க்கும் அயலிருப்பார்க்கும் இடையே சிறுவனொருவன் அமர இடமுண்டு. கதவைத் திறந்ததும் எழுந்த பழைய ரெக்சின் மணத்தோடு, எம் சிறுபருவத்தில் அத்தகைய இருக்கையில் எந்தையார் தோளிற் சாய்ந்து திருச்செந்தூர் சென்றது நினைவில் வந்தது. அவர் மறைந்து நாற்பதாண்டாயிற்று. பன்முறை முயன்றும் நினைவிற்கு வாராத அவர் குரல் அன்று வந்தது.

அந்நினைவு வண்டியின்கண் இருந்ததெனின், அற்றன்று. யாம் சென்றது வாடகை வண்டி; இதுவோ பிறர் வண்டி, டீசல் எஞ்சின் புகுத்தப்பெற்றது. பிறர் வண்டி எந்தையாரை எமக்குக் காட்டிற்றாகலின், நினைவு உயிரினதே, சடத்தினது அன்று என்பது பெறப்படும். உயிரினதாயின் வண்டியைக் காணாமுன்னும் விளங்குதல் வேண்டுமே எனின், கண் உளதாயினும் விளக்கின்றி இருளிற் காணாதவாறு போல, உயிரும் துணைபெற்றே விளங்கும் என்க.

2021-இல் மத்திய அரசு வகுத்த விதி, ஐம்பதாண்டு கடந்து, முதலமைப்புப் பெரிதும் மாறாத வண்டிகளையே தொன்மை வண்டியெனப் பதிய இடந்தரும். எஞ்சின் மாறியதைக் காட்டியே வாங்க வந்தோர் விலையைக் குறைத்தனராம். வணிகர்க்கு அது முறையே. மகனார்க்கோ அதனாற் குறைந்தது ஒன்றுமில்லை.

நன்றி செய்தாரை நோக்கியதாகலின், சடத்தை விற்றல் நன்றிக்கேடு ஆகாது. அங்ஙனமாயின் உடைத்து இரும்பாக்குவார்க்கும் கொடுக்கலாம் போலும் எனின், யாம் உடன்படேம். ஞாயிறுதோறும் தந்தையார் தம் கையாற் கழுவித் துடைத்த பொருள் அது. வண்டிக்கு நோவில்லை, உடைபடுதலைக் காணும் அவர்தம் தாயார்க்கு நோவு உண்டு. சிறிது விலை குறையினும் ஓட்டிப் பேணுவார்க்கே கொடுக்க, அதற்கும் முன்னர்த் தாயாரைக் கேட்க என்றேம்.