காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் காணப்படவில்லை என்பதைக் கொண்டே அது இல்லை என்று துணியலாமா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட வினாவாகும். 7ஆம் நூற்றாண்டின் மீமாம்சகரான குமாரில பட்டர், இன்மையை உணர்த்துவதற்கு அனுபலப்தி, அதாவது காணப்படாமை, என்னும் தனி அளவை (அறியும் வழி) உண்டென்றார். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் அடக்கினார். நியாய மரபினரான நையாயிகர் அதைக் காட்சிக்குத் துணையாக மட்டும் ஏற்றனர். இவ்வளவு பிணங்கியவர்களும் ஒரு நிபந்தனையில் இணங்கினர்: தரையில் குடம் இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில்தான் அதன் காணாமை சான்றாகும், இருட்டறையில் அது சான்றாகாது.

இந்நிபந்தனையின் கூர்மையை இன்றைய கணினித் தொழிலிலும் காணலாம். அமேசானின் எலாஸ்டிக் பீன்ஸ்டாக், சர்வர்களைத் தானே பராமரித்துச் செயலிகளை இயக்கித் தரும் கிளவுட் தளம். அதில் எக்ஸ்-ரே என்னும் வசதியை இயக்கினால், செயலிக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் அமைந்து, அது செல்லும் சேவைகள்தோறும் உடன் சென்று, எங்கே தாமதித்தது, எங்கே பிழையானது என்ற தடத்தை உருவாக்குகிறது. செயலியில் சேர்க்கப்பட்ட நூலகம் அத்தடத்தை, அதே சர்வரில் 2000ஆம் போர்ட்டில் காத்திருக்கும் டீமன் என்னும் பின்னணி நிரலிடம் யூடிபி முறையில் ஒப்படைக்கிறது. ஒப்படைத்தது சேர்ந்ததா என்று அம்முறை திரும்பச் சொல்வதில்லை. டீமனுக்கு எக்ஸ்-ரேயில் எழுதும் அனுமதி வழங்கப்படாதிருந்தால், செயலி வழக்கம்போல் இயங்க, தடத்திரை மட்டும் வெறுமையாக நிற்கும்.

இதனினும் நுட்பமானது மாதிரியெடுப்பு. இயல்பான விதிப்படி ஒவ்வொரு நொடியிலும் முதல் கோரிக்கையும், எஞ்சியவற்றில் 5 விழுக்காடுமே பதிவாகின்றன. ஒரு நொடிக்கு 100 கோரிக்கைகள் வந்தால் ஏறத்தாழ 6 மட்டுமே தடம் பெறும். மேலும், பதிவதா விடுவதா என்பது கோரிக்கை நுழையும்போதே, அது பிழையாகுமா என்பது தெரியுமுன்பே, முடிவாகிவிடுகிறது. ஆகவே, பணம் கழிந்தும் சீட்டு வரவில்லை என்று முறையிடும் ஒருவரிடம், தடத்தில் பிழை ஏதும் காணப்படவில்லை என்று விடையளிப்பது அளவைப் பிழை மட்டுமன்று, அவருக்குச் செய்யும் அநீதியுமாகும். குடத்தைத் தேடிய அறையில் விளக்கே பெரும்பாலும் எரியவில்லை.

பணம் செலுத்தும் பாதைக்கு மட்டும் தனி விதி வகுத்துப் பதிவு விகிதத்தை 100 விழுக்காடாக்கி, சோதனைக் கோரிக்கை ஒன்றை அனுப்பி அதன் தடம் திரையில் தோன்றுவதையும் கண்டுகொண்டால், அப்பாதையில் காணாமை பெருமளவு சான்றாகும் தகுதி பெறுகிறது. பிற பாதைகளில் அத்தகுதி இன்னும் இல்லை.