மூவராகும் முன்

இல்லறம் இருவரால் தொடங்கப்பெற்று மூன்றாமவர் வருகையால் விரிவடைகின்ற வாழ்வு. கருவுற்ற பெண்ணைப் பேணுதற்கு நம் சமுதாயத்தில் முறைகள் உண்டு. பிறந்த குழந்தையை வரவேற்பதற்குச் சடங்குகள் உண்டு. ஆயின், தாயும் தந்தையுமாக மாறவிருக்கும் மனைவியும் கணவனும் தம்முள் ஒருவருக்கொருவர் ஆற்ற வேண்டிய கடமை யாது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை.

அண்மைக் காலத்தில் அவ்வினா எளியதொரு வடிவில் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்திருக்கின்றது. குழந்தை பிறப்பதற்கு முன்னர், வார இறுதியில் இரண்டு நாள், கணவனும் மனைவியும் மட்டும் ஏதேனும் ஒரு நகருக்குச் சென்று தங்கி வரலாமா என்பதே அது. கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றினும், தன்னலம் எது, கடமை எது என்ற பெரிய வழக்கு இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

கோலாலம்பூரில் வாழும் ஓர் இணையரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருவரும் பணிக்குச் செல்பவர்கள். மனைவிக்கு ஆறாம் திங்கள். ஏழாம் திங்களில் வளைகாப்பு. அதன்பின் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு. பிறகு பேறு, பத்தியம், உறவினர் வருகை, உறக்கமற்ற இரவுகள். வளைகாப்புக்கு முன்னுள்ள ஒரு சனி ஞாயிறில் பினாங்குக்குச் சென்று வர இருவரும் திட்டமிடுகின்றனர். செய்தி அறிந்த மாமியார், "வயிற்றுப் பிள்ளையோடு ஊர் சுற்ற வேண்டுமா? அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் போனோமா?" என்று கேட்கிறார். மாமனாரோ, அந்தப் பணத்தைப் பிள்ளையின் பெயரில் போட்டு வைக்கலாமே என்கிறார். இரண்டும் அன்பிலிருந்து பிறந்த தடைகள். ஆதலின் அவற்றைப் பழமை என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது.

முதலில் மாமியாரின் சொல்லை எண்ணிப் பார்த்தல் தகும். இந்நாட்டுத் தமிழர் பலரின் பாட்டிமார் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்றவர்கள். பிரசவத்தில் உயிர் நீத்த உறவுப் பெண்களைக் கண்டவர்கள். கருவுற்றவளை வெளியூருக்கு அனுப்ப அவர்கள் அஞ்சினர் எனின், அவ்வச்சத்திற்குத் துயரமே ஆசானாக இருந்தது. அந்த அச்சத்தை மதித்தல் வேண்டும். ஆனால், அவர்கள் போகவில்லை என்பது அவர்கள் விரும்பித் தேர்ந்த ஒழுக்கமன்று. அவர்களுக்கு நேரமும் இல்லை, பொருளும் இல்லை, கேட்பாரும் இல்லை. இல்லாமையால் நேர்ந்த ஒன்றை அறமாக்கி அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றுதல் அந்தப் பாட்டிமாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தாம் பட்ட பாடு தம் பேத்தியும் படவேண்டும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்களா?

அச்சத்திற்கு விடை சொல்ல வேண்டியது வாதமன்று, கவனம். கருவுற்ற காலத்தில் பயணத்திற்கு ஏற்ற பகுதி ஏறத்தாழப் 14ஆம் வாரம் முதல் 28ஆம் வாரம் வரை என்பது மகப்பேற்று மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. தொடக்கக் காலத்துக் குமட்டலும் சோர்வும் தணிந்து, இறுதிக் காலத்துப் பாரம் வந்து சேராத இடைப்பகுதி அது. 28 வாரத்திற்குப் பின் மருத்துவரின் கடிதம் கேட்கும் விமான நிறுவனங்கள் பல. 36 வாரத்திற்குப் பின் ஏற்றிக்கொள்ளாதவையும் பல. இரத்த அழுத்தம், குருதிக் கசிவு, இரட்டைக் கரு போன்ற நிலை உடையவர்களுக்குப் பொது விதி பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்லே முடிவு. ஆகவே, பயணத் திட்டத்தின் முதல் வரி விடுதியின் பெயராக இருத்தல் ஆகாது. அது மருத்துவரின் ஒப்புதலாக இருத்தல் வேண்டும்.

அந்த ஒப்புதல் கிடைத்த பின்னர்த் திட்டம் எப்படி அமைய வேண்டும்? கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்தொடர்வண்டி நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருத்தல் நன்றன்று. கால் நரம்புகளில் குருதி உறையும் வாய்ப்பு அக்காலத்தில் மிகுதி. தொடர்வண்டியில் அவள் எழுந்து நடக்கலாம். பட்டர்வொர்த்தில் இறங்கிப் பெர்ரியில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன். 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்ட நகரம் அது. அங்குள்ள பழைய கடைவீடுகள் பல இன்று அழகிய விடுதிகளாகியுள்ளன. அவற்றுள் செங்குத்தான மரப்படிகளை உடையவையும் உண்டு. ஆகையால் தரைத்தள அறையோ மின்தூக்கியோ உண்டா எனக் கேட்டறிதல் கணவனின் பொறுப்பு. கொசுக்கடியால் டெங்கி வரும் நாடு இது. அதற்கான காப்பும், நன்கு வெந்த உணவும், அருகிலுள்ள மருத்துவமனையின் முகவரியும் திட்டத்துள் அடங்க வேண்டும்.

இத்தனை விவரங்களும் அறம் பற்றிய பேச்சில் ஏன் வரவேண்டும் என்று ஒருவர் வினவக்கூடும். அறம் பெரும்பாலும் இத்தகைய விவரங்களில்தான் வாழ்கிறது என்பதே விடை. நல்ல உடல்நிலையில் உள்ள ஆடவன் ஒரு நாளில் ஜார்ஜ் டவுனில் பத்து இடங்களைப் பார்த்துவிட முடியும். தண்ணீர்மலை முருகனைக் காண ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளையும் ஏறிவிட முடியும். ஆனால் இப்பயணத்தின் வேகம் அவனுடைய வேகம் அன்று. காலையில் குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு முதல் விளங்கும் மகாமாரியம்மன் கோயில். வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பி ஓய்வு. மாலையில் கடலோரக் காற்று. மறுநாள், 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய பினாங்கு மலை இழுவை இரயிலில் ஏறிக் குளிர்ந்த உச்சியில் சிறிது நேரம். அவ்வளவே போதும். அவள் கால் வீங்கினால் அதுவும் வேண்டா. மனைவியின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்ளக் கற்பவன் தந்தைமையின் முதற்பாடத்தைக் கற்றவனாகிறான். சில திங்கள் கழித்து ஒரு குழந்தையின் நடைக்கும் அவன் அவ்வாறே காத்து நிற்க வேண்டியிருக்கும் அன்றோ?

மாமனாரின் வினா பொருள் பற்றியது. அதிலும் உண்மை உண்டு. கடன் அட்டையில் ஏற்றி, ஓராண்டு தவணை கட்டும் வகையில் நட்சத்திர விடுதியில் தங்குவது, பிறக்கப் போகும் பிள்ளையின் பாலையும் மருந்தையும் அடகு வைத்த இன்பமாகும். ஆனால் எளிய விடுதியில் ஓரிரவும், தொடர்வண்டிக் கட்டணமும், நாலு வேளை உணவும் தம் வருவாய்க்குள் அடங்குமாயின், அச்செலவைக் குழந்தையிடமிருந்து பறித்ததாகக் கருத வேண்டியதில்லை. குழந்தைக்குச் சேர வேண்டிய உடைமைகளில் வைப்புத் தொகையும் ஒன்று. பெற்றோரிடையே நிலவும் அமைதியும் ஒன்று. முன்னதை வங்கி காக்கும். பின்னதைக் காப்பார் எவர்?

இவ்விடத்தில்தான் வழக்கின் உயிர்நிலை இருக்கின்றது. இருவர் தமக்கென எடுத்துக்கொள்ளும் இரண்டு நாள் குழந்தைக்கு எதிரானதா, குழந்தைக்கு உரியதா?

திருக்குறளின் அதிகார வைப்பு இங்கு நினைக்கத்தக்கது. இல்வாழ்க்கையை அடுத்து வாழ்க்கைத் துணைநலம். அதன் பின்னரே மக்கட்பேறு. அதனைத் தொடர்ந்து அன்புடைமை. துணையைக் கூறாமல் மக்களைக் கூறவில்லை வள்ளுவர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் தம் நிக்கோமாக்கிய அறநூலின் எட்டாம் பகுதியில், மனிதர் இணைந்து வாழ்வது பிள்ளை பெறுவதற்காக மட்டுமன்று, வாழ்வின் பிற தேவைகளுக்காகவும்தான் என்கிறார். கணவன் மனைவியரிடையே உள்ளதை அவர் நட்பு என்றே குறிக்கின்றார். அதே இடத்தில் அவர், குழந்தைகள் அவ்விருவரையும் பிணைக்கும் கட்டு என்றும் கூறுகின்றார். இக்கருத்து நம்மவர்க்கும் புதிதன்று. பிணங்கிய தம்பதியரைப் பார்த்து, "ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வது இன்றும் கேட்கக்கூடியதே.

இதில் மறைந்துள்ள கொடுமையை எண்ணிப் பார்ப்போர் சிலர். சங்க அகப்பாடல்களின் மருதத் திணையில், ஊடிய மனைவியைத் தணிக்கப் புதல்வனே வாயிலாக வருவதுண்டு. தந்தை செய்த பிழையைச் சிறுவன் தன் மழலையால் கழுவுகிறான். பாடலில் அது சுவை. வாழ்வில் அது சுமை. பெற்றோரை ஒன்றாக வைத்திருப்பதற்காகவே பிறந்த பிள்ளை, நடக்கும் முன்பே பாரம் சுமக்கத் தொடங்கிவிடுகிறது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியிலோ வேறொரு காட்சி உண்டு. பேயனார் பாடிய செவிலி கூற்றுப் பத்தில், தாய்க்கும் தந்தைக்கும் நடுவே புதல்வன், மான்களுக்கு இடையே கிடக்கும் குட்டியைப் போலக் கிடக்கின்றான். அங்கே அவனுக்கு எந்த வேலையும் இல்லை. யாரையும் அவன் தணிக்க வேண்டியதில்லை. இருவரிடையே முன்பே இருந்த அன்பின் நடுவில் அவன் உறங்குகின்றான். ஒரு குழந்தை வந்து சேர வேண்டிய இடம் இதுவே அன்றோ?

குழந்தை பிறந்தபின் இணையரின் மனநிறைவு குறைவதும் பூசல் கூடுவதும் ஆய்வாளர்கள் பலரால் எடுத்துரைக்கப்பட்ட உண்மை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் கோவனும் ஃபிலிப் கோவனும் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1992இல் நூலாக வெளியிட்டனர். பிறப்பிற்கு முன்பே இணையர் கூடி மனம் விட்டுப் பேசுவதற்கு வழி செய்தமை அவர்களுடைய பணியின் சிறப்பு. இரவில் எழுவது யார், எவருடைய தாய் வந்து தங்குவார், வேலையை விட நேர்ந்தால் விடுவது யார், பிரசவத்தை நினைந்து அவள் உள்ளத்தில் உள்ள அச்சம் யாது, தந்தையாவதை நினைந்து அவன் சொல்லாமல் மறைக்கும் கலக்கம் யாது என்பவற்றையெல்லாம் வீட்டுக் கூடத்தில் உறவினர் நடுவே பேச இயலாது. பெர்ரியின் கைப்பிடிக் கம்பியருகே பேசலாம்.

சட்டமும் இதற்கு நெடுநேரம் தருவதில்லை. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் தனியார் துறைத் தாய்மாரின் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. தந்தையர்க்கு ஏழு நாள் விடுப்பும் அப்போதுதான் சட்டத்தில் இடம் பெற்றது. ஏழு நாளில் ஒருவன் தந்தையாகிவிட முடியாது. ஆகவே முன்னரே தொடங்குபவன் அறிவுடையவன்.

எனினும், இப்பயணத்தை விற்பவர்களின் சொல்லை ஏற்றல் தகாது. ஆங்கிலத்தில் தேனிலவுச் சொல்லை ஒட்டிப் 'பேபிமூன்' என்றொரு சொல் வழங்குகின்றது. அச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தவராகக் கூறப்படும் ஷீலா கிட்சிங்கர் என்னும் பிரிட்டானிய மகப்பேற்றுக் கல்வியாளர், குழந்தை பிறந்த பின் தாயும் தந்தையும் சேயும் தனித்திருந்து பழகும் நாள்களையே அதனால் குறித்தார். சுற்றுலா வணிகம் அதனைப் பிறப்பிற்கு முன்னர் நகர்த்தி, குழந்தையை அதிலிருந்து நீக்கி, 'கடைசி வாய்ப்பு' என்று விளம்பரமும் செய்தது. கடைசி வாய்ப்பு என்னும் சொல்லில் நஞ்சு இருக்கிறது. அது பிறக்கப் போகும் உயிரைச் சிறைக்காவலனாக்குகின்றது. இந்த இரண்டு நாளுக்குப் பின் விடுதலை இல்லை என்று சொல்லாமல் சொல்கின்றது. அவ்வெண்ணத்தோடு செல்பவர்கள் திரும்பி வரும்போது குழந்தையின் மீது ஒரு சிறு வஞ்சத்தையும் சுமந்து வருவார்கள்.

ஆகவே, போகலாமா கூடாதா என்னும் வினாவிற்குரிய விடை, எதற்காகப் போகிறார்கள் என்பதில் அடங்கியுள்ளது. தப்பிச் செல்வதற்காகப் போனால் இரண்டு நாளும் வீண். இருபது நாள் போனாலும் வீண். வரவிருப்பவருக்கு இடம் ஒழுங்கு செய்யும் மனத்தோடு போனால், அது தொட்டில் வாங்குவதைப் போன்ற ஆயத்தமே. பொருள் இல்லாதவரும் உடல் இடந்தராதவரும் இதனை இழந்தவர் ஆகார். ஒரு மாலைப் பொழுதில் கைப்பேசியை அடைத்து வைத்துவிட்டு, ஏரிக்கரைப் பூங்காவில் மெல்ல நடந்து, ஒரு கோப்பைத் தேநீரைப் பகிர்ந்து பருகினும் அதே பயன் விளையும். நகரமும் விடுதியும் துணைக்கருவிகள் மட்டுமே.

பெரியவர்களும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. வளைகாப்பன்று கை நிறைய வளையல் அடுக்கி வாழ்த்துவது அந்தப் பெண் தாயாகப் போகிறாள் என்பதற்காக. அவள் மனைவியாகவும் இருக்கிறாள் என்பதை யாரேனும் ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கணவன் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு நினைவுகூரப்பட்ட பெண்ணின் மடியில் பிறக்கும் குழந்தை, தன் பெற்றோரை இணைத்து வைக்கும் பணியின்றிக் கவலையற்று உறங்கும்.